காதுவலி என்று நினைத்தால் தாடை வலி! பல்லைப் பிடுங்கச் சொல்லும் முன் இதைப் படியுங்கள்

கொட்டாவி விடும்போது காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். காலையில் எழுந்தால் கன்னம் இரண்டும் கனத்துக் கிடக்கிறது. தோசையைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் மெல்ல முடிகிறது.

இப்படி அவதிப்படுகிறவர்கள் முதலில் போவது ஈ.என்.டி டாக்டரிடம். "காது நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார் அவர். அடுத்து பல் டாக்டர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சொத்தை எதுவும் இல்லை. தலைவலி மாத்திரை, காதுக்குச் சொட்டு மருந்து, கிராம்புத் தைலம் என்று மாதங்கள் ஓடிவிடும். வலி தாங்க முடியாத சிலர், "அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்தே விடுங்கள் டாக்டர்" என்று கேட்டு, நல்ல பல்லையும் இழந்துவிடுகிறார்கள். பல் போன பிறகும் வலி போகாது.

காரணம், வலி கிளம்பும் இடம் வேறு. காதுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் தாடை மூட்டும், அதை அசைக்கும் தசைகளும்தான் இங்கே பிரச்னை.

பயப்பட வேண்டாம். தாடை மூட்டு வலியில் பெரும்பாலானவை கத்தியோ ஊசியோ இல்லாமல் சில வாரங்களில், சில மாதங்களில் அடங்கிவிடும். அதுவரை திரும்பப் பெற முடியாத எதையும் செய்துவிடாமல் இருப்பதுதான் முக்கியம்.

எங்கே இருக்கிறது இந்த மூட்டு?

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் குமிழ் போன்ற முனை, மண்டையோட்டின் குழிக்குள் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

உடம்பில் உள்ள மற்ற மூட்டுகளிலிருந்து இது கொஞ்சம் வித்தியாசமானது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது கதவுக் கீல் மாதிரி சுழலும். இன்னும் பெரிதாகத் திறந்தால் மேஜை டிராயர் மாதிரி முன்னால் சறுக்கும். இடதும் வலதும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால், ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் தகராறு செய்தால், வாய் திறக்கும்போது தாடை கோணுவது அதனால்தான்.

எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க நடுவே மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. வாய் திறக்கும்போது அதுவும் குமிழோடு சேர்ந்து முன்னால் நகர வேண்டும்.

இப்போது விரல்களைக் கன்னத்தில் வைத்துப் பல்லை ஒருமுறை கடியுங்கள். புடைத்துக்கொண்டு வருவது மெல்லும் தசை. நெற்றிப்பொட்டில் வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒரு தசை எழும்பும். தாடைக் கோளாறு உள்ள பலருக்கு 'ஒற்றைத் தலைவலி' மாதிரி பொட்டு வலிப்பதற்கு இந்தத் தசை ஒரு காரணம்.

'டக்' சத்தம் கேட்டாலே நோயா?

இல்லை. வட்டு தன் இடத்திலிருந்து லேசாக முன்னால் நகர்ந்திருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறும் சத்தம் அது. வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது, சாப்பிட முடிகிறது என்றால் வெறும் சத்தத்துக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. பலருக்கு ஆயுள் முழுக்க அந்தச் சத்தம் மட்டுமே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை வேறு. சத்தத்தோடு வலியும் சேர்ந்து வருவது, மெல்லும்போது தாடை களைத்துப்போவது, வாய் பாதி திறந்ததும் நின்றுவிடுவது, இதுவரை கேட்ட சத்தம் திடீரென நின்று வாயும் திறக்காமல் போவது. கடைசியாகச் சொன்னது நடந்தால், வட்டு முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை உண்டு. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வைத்து, முன்பற்களுக்கு நடுவே நுழையுங்கள். மூன்றும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது. பெரியவர்களுக்கு 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறப்பது இயல்பு. இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் காரணம் தேட வேண்டும்.

ஏன் வருகிறது?

1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்து கடி மாறுவதால்தான் காதுவலியும் தலைவலியும் வருகின்றன என்றார் அவர். 'காஸ்டன் நோய்க்குறி' என்ற பெயரே வந்தது. அதைத் தொடர்ந்து, பல்லைத் தேய்த்து கடியைச் சரிசெய்தால் வலி போய்விடும் என்ற நம்பிக்கை பல்லாண்டுகள் நீடித்தது.

பிறகு வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கைவிட வைத்தன. அமெரிக்காவில் தாடை வலியே இல்லாத 2,700-க்கும் அதிகமானவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஒப்பேரா' என்ற பெரிய ஆய்வில், யாருக்குப் புதிதாக வலி வருகிறது என்று பார்த்தார்கள். உடம்பில் ஏற்கெனவே வேறு வலிகள் இருப்பது, தூக்கம் கெடுவது, மன அழுத்தம், பல்லைக் கடிப்பது போன்ற பழக்கங்கள் என்று பலவும் சேர்ந்துதான் வலியைக் கொண்டுவருகின்றன என்று தெரிந்தது. ஒரே ஒரு குற்றவாளி இல்லை.

தாடை மூட்டுக் கோளாறு 100 பேரில் 5 முதல் 12 பேருக்கு இருப்பதாக அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 20 முதல் 40 வயதுக்குள் அதிகம்.

அன்றாடத்தில் பார்த்தால் காரணங்கள் நமக்குத் தெரிந்தவையே. மதுராந்தகத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஐந்து மணி நேரத் தூக்கம். பயணத்தில் குனிந்த தலை, கையில் போன். வேலை நெருக்கடியில் தெரியாமலே இறுகும் பற்கள். தாடைத் தசைக்கு ஓய்வே இல்லை. வீட்டிலேயே இருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். கவலையோடு கணக்குப் பார்க்கும்போதும், பிள்ளைகளின் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போதும் பல் தானாகக் கடிபடும்.

சிலர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார்கள். அது அவர்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். இவை தவிர, தாடையில் பட்ட அடி, முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், பல் சிகிச்சையின்போது நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்தது ஆகியவையும் வலியைத் தொடங்கி வைக்கலாம்.

இனிப் பல்லைப் பிடுங்கும் கதைக்கு வருவோம். தாடைத் தசையின் வலி, பல்லில் வலிப்பது போலவே உணரப்படும். வலிக்கிற பல் இதுதான் என்று சுட்டிக்காட்ட முடியாவிட்டால், தட்டிப் பார்த்தாலும் குளிர்ந்த நீர் பட்டாலும் எந்தப் பல்லும் கூசாவிட்டால், எக்ஸ்ரேவிலும் ஒன்றும் இல்லாவிட்டால், பல்லை எடுக்கவோ வேர் சிகிச்சை செய்யவோ அவசரப்படக் கூடாது. "தாடைத் தசையை அழுத்திப் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பற்களைப் பிரித்து வையுங்கள். மெல்லவும் விழுங்கவும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடும் நேரம், ஒரு நாளில் சுமார் 20 நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் அவை ஒட்டாமல் இருக்க வேண்டும். 'ன்' என்று சொல்லி, நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டிருக்கும், பற்கள் விலகியிருக்கும். அப்படியே உதட்டை மட்டும் மூடுங்கள். இதுதான் தாடையின் ஓய்வு நிலை. போன் எடுக்கும்போதெல்லாம் பல் கடித்திருக்கிறதா என்று ஒரு நொடி கவனித்தால் போதும், சில நாட்களில் பழகிவிடும்.

இரண்டு வாரம் மென்மையான உணவு. இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த சாதம், வேகவைத்த காய்கறி நல்லது. முறுக்கு, தட்டை, கடலை உருண்டை, பரோட்டா, சூயிங்கம் வேண்டாம். படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால், தாடை வலிக்கும் நாட்களில் கரும்பைக் கடித்து இழுப்பது வேண்டாம். கொய்யா, ஆப்பிளைக் கடிக்காமல் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாப்பிடுங்கள். முடிந்தவரை இரண்டு பக்கமும் மெல்லுங்கள்.

ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்திலும் பொட்டிலும் 15 நிமிடம் வைக்கலாம், ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை. சூடு தோலைச் சுடாமல் இருக்கட்டும். அடிபட்டு வந்த வலி என்றால் முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் நல்லது.

கொட்டாவிக்குக் கடிவாளம். கொட்டாவி வரும்போது நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்துங்கள். அல்லது தாடைக்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள். வாய் தேவைக்கு மேல் திறக்காது.

கண்ணாடி முன் பயிற்சி. நாக்கு நுனி அண்ணத்தைத் தொட்டபடி, வாயை நேராக, மெதுவாகத் திறந்து மூடுங்கள். தாடை ஒரு பக்கம் கோணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு முறை, நாளைக்கு நாலைந்து வேளை. வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கழுத்தும் தூக்கமும். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிப் பேசுவது, குப்புறப் படுப்பது, தாடையைக் கையில் ஊன்றி டிவி பார்ப்பது மூன்றையும் விடுங்கள். தூங்கப் போவதற்குமுன் காபி, டீ வேண்டாம்.

வலி அதிகமான நாட்களில் பாரசிட்டமால் எடுக்கலாம். மற்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் போடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவை ஆபத்தாகலாம்.

யாரிடம் போவது?

இரண்டு, மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுராந்தகம்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஊருக்கு வடக்கே சின்னக்கோலம்பாக்கத்தில் கற்பக விநாயகா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் ஜி.எஸ்.டி சாலையில் பஸ் ஏறிப் போகும் தூரம்தான். பல் மருத்துவக் கல்லூரிகளில் 'வாய் மருத்துவம்' அல்லது 'வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை' பிரிவு எது என்று கேட்டுப் போனால் அலைச்சல் குறையும். அரசுத் தரப்பில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

அறுவை சிகிச்சைப் பிரிவு என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கேயும் முதலில் பேச்சும் பயிற்சியும்தான். நீண்ட நாள் தாடை வலிக்கு எது பலன் தருகிறது என்று ஆய்வுகளை அலசி, 2023 டிசம்பரில் 'பி.எம்.ஜே' மருத்துவ இதழ் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சிகள், தசை முடிச்சுகளை அழுத்தி விடுவது, உட்காரும் நிலையைத் திருத்துவது, மனதை இறுக்கத்திலிருந்து விடுவிக்கும் பேச்சு சிகிச்சை ஆகியவற்றைத்தான் அது முன்னால் வைத்தது. அதுவே, வட்டை வெட்டி எடுப்பது, கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் சிகிச்சைகள் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னது.

இரவில் போடும் 'நைட் கார்டு' பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தூக்கத்தில் கடிப்பதால் பல் தேய்ந்துபோகாமல் அது காப்பாற்றும். ஆனால், வலியைப் போக்கும் மந்திரம் அல்ல. டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவதை மட்டும் போடுங்கள். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் முக்கிப் போடுவது சரியாகப் பொருந்தாமல் வலியைக் கூட்டலாம்.

இதற்கும் அடங்காத சிலருக்கு மூட்டுக்குள் ஊசி செலுத்தி உப்புநீரால் கழுவும் சிகிச்சை உண்டு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, மூட்டு உருக்குலைந்துபோன மிகச் சிலருக்கு மட்டும்.

அவசரம் என்ன விலை கேட்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில், டெஃப்லான் கலந்த செயற்கை வட்டுகளைப் பலருடைய தாடை மூட்டில் வைத்தார்கள். அவை உள்ளேயே உடைந்து நொறுங்கி, சுற்றியிருந்த எலும்பை அரித்தன. 1990-களின் தொடக்கத்தில் அந்த வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வலிக்காக வைத்தவர்களுக்கு, முன்பைவிடப் பெரிய வலிதான் மிஞ்சியது.

வாய் திறந்தபடியே நின்றுவிட்டால்?

பெரிய கொட்டாவி விடும்போது சிலருக்குக் குமிழ் குழியை விட்டு முன்னால் நழுவி, வாயை மூடவே முடியாமல் போய்விடும். 2025 அக்டோபரில் கன்னியாகுமரி - திப்ரூகர் ரயிலில் ஒரு பயணிக்கு இப்படி ஆனது. பாலக்காடு நிலையத்தில் ரயில்வே மருத்துவர் ஒருவர் கையாலேயே அதைச் சரிசெய்ய, அவர் தன் பயணத்தைத் தொடர்ந்தார்.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் பக்கம் கட்டைவிரலை வைத்துக் கீழேயும் பின்னாலும் தள்ளுவதுதான் முறை. ஏறக்குறைய 3,600 ஆண்டு பழமையான எகிப்தியச் சுவடியான 'எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்' இதே வித்தையைச் சொல்கிறது. அதற்காக வீட்டில் யாரும் முயலக் கூடாது. எலும்பு உடையலாம், விரல் கடிபடலாம். தாடையைத் துணியால் தாங்கிப் பிடித்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நேரம் ஆக ஆகத் தசை இறுகிவிடும், சரிசெய்வது கடினமாகும்.

தாடை வலிதான் என்று இருந்துவிடக் கூடாதவை

* நடக்கும்போது, படி ஏறும்போது தாடை வலி, கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல். இது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.
* பாக்கு, பான் மசாலா, மாவா போடுகிறவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போவது, காரம் பட்டால் எரிவது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைப்பது. இது மூட்டுக் கோளாறு அல்ல. பாக்கினால் வாய்க்குள் தசைநார் இறுகும் நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. அன்றே பாக்கை நிறுத்தி, வாயைப் பரிசோதிக்க வேண்டும்.
* காய்ச்சல், கன்ன வீக்கம், விழுங்க முடியாமை. ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்திருக்கலாம்.
* சமீபத்தில் காயம் பட்டிருக்க, தாடை இறுகி வாய் திறக்காமல் போவது. வில்வாத நோயாக, அதாவது டெட்டனஸாக இருக்கலாம்.
* 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது வலி, கண் மங்கல். அரிதுதான். ஆனால், ரத்தக்குழாய் வீக்கமாக இருந்தால் பார்வையே போகலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குழந்தை மோவாயில் அடிபட்டால்...

பெற்றோர் மறக்கக் கூடாதது இது. மாடிப்படியிலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழும் குழந்தைக்கு மோவாய் கிழிந்து ரத்தம் வரும். தையல் போட்டுக் காயம் ஆறியதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால், மோவாயில் விழுந்த அடி தாடை எலும்பு வழியாக மேலே போய், காதருகே இருக்கும் குமிழை உடைத்திருக்கலாம். வெளியே எதுவும் தெரியாது.

கவனிக்காமல் விட்டால், அந்த இடத்தில் எலும்பு ஒட்டிக்கொண்டு மூட்டே இல்லாமல் போய்விடும். வாய் திறக்காது, சாப்பாடு இறங்காது. கீழ்த்தாடை வளராமல் முகம் சிறுத்து ஒரு பக்கமாகக் கோணும். தூக்கத்தில் மூச்சு அடைபடும். பிறகு பெரிய அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு வாய் திறக்கும் பயிற்சிகளாலேயே இதைத் தடுக்க முடியும்.

எனவே, மோவாயில் அடிபட்ட குழந்தைக்குத் தையல் போடும்போதே தாடை மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் வாரங்களில், மாதங்களில் குழந்தையின் விரல்கள் மூன்றும் அதன் வாய்க்குள் நுழைகின்றனவா, வாய் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் போகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்முன் குறித்துக்கொள்ளுங்கள்

வலி எப்போது தொடங்கியது, காலையில் அதிகமா மாலையில் அதிகமா, வாய் எத்தனை விரல் திறக்கிறது, தூக்கத்தில் பல் கடிப்பதாக யாராவது சொன்னார்களா, தூக்கம் எத்தனை மணி நேரம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எப்போதாவது தாடையில் அடிபட்டதா. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் பல்லைக் கடிக்க வைக்கும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பல்லை எடுக்கலாம், தேய்க்கலாம், மூட்டைத் திறந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், "கொஞ்ச நாள் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். மேலே சொன்ன அவசர அறிகுறிகள் எதுவும் இல்லை என்றால், காத்திருப்பதால் பெரும்பாலும் நஷ்டமில்லை. எடுத்த பல் திரும்ப முளைக்காது.